வீட்டில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது? காசு கொடுத்துத் தெரிந்துகொண்டவை

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் மகளுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. ஜூனில் ப்ரீகேஜியில் சேர்க்கலாம் என்று இருந்தோம். தமிழ்நாட்டில் மழலையர் பள்ளிகள் மறுபடி திறந்தது 2022 பிப்ரவரியில்தான். என் மனைவி கோவையில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கொரோனா வார்டு டியூட்டி போட்டால் ஒரு வாரம் அங்கே, அது முடிந்தால் ஒரு வாரம் தனிமையில். நான் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன், வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். மாமியார் பொள்ளாச்சியில், அம்மா ஈரோட்டில். இ-பாஸ் இல்லாமல் யாரும் வர முடியாத காலம். ஆக, மாதத்தில் பாதி நாள் அந்த முதல் மாடி வீட்டில் நானும் அவளும் மட்டும்.

போன வாரம் என் தங்கை போன் செய்து, “அண்ணா, பையனுக்கு மூணு வயசாச்சு, ஸ்கூல் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருக்கோம். ஆக்டிவிட்டி பாக்ஸ்னு ஒண்ணு விக்கறாங்களே, வாங்கட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன என்று சொல்ல ஆரம்பித்தால் அது போனில் முடிகிற பேச்சில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், தொழில் அப்படி. ஒரு ப்ளே ஸ்கூல் ஆன்லைன் வகுப்பு நடத்தியது, ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டாயிரம், முழுதாக முன்கூட்டியே. மாதாமாதம் வீட்டுக்கு வரும் ஆக்டிவிட்டி பாக்ஸ், மூன்று மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஒர்க்‌ஷீட் அச்சடிக்கக் கலர் இங்க் வாங்கியது ஆயிரத்தைத் தொடும். அப்புறம் ஒரு ஈஎன்டி டாக்டர் செலவு, அதற்குப் பிறகு வருகிறேன். மொத்தத்தில் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதில் அவள் ரசித்து விளையாடியது என்று எடுத்துப் பார்த்தால் பெட்டியோடு வந்த ஒரு பிளாஸ்டிக் பிழிகுழாய், அவ்வளவுதான்.

ஆன்லைன் வகுப்பை நடத்திய டீச்சர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பாவம், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சின்னச் சின்னக் கட்டத்தில், பாதிப் பேர் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம். “பேரண்ட்ஸ், மியூட் பண்ணுங்க” என்று சொல்லியே அவருக்கு நேரம் போய்விடும். என் மகள் பார்த்தது வேறொரு குழந்தையின் வீட்டுச் சோபாவில் படுத்திருந்த பூனையை. பூனை எழுந்து போன அன்று இவளும் எழுந்து போய்விட்டாள். தோளைப் பிடித்து உட்கார வைத்து, அவள் திமிற, நான் அதட்ட, அரை மணி நேரம் போராட்டம். கடைசியில் மாம்பழத்துக்கு மஞ்சள் அடித்துப் படம் எடுத்து அனுப்பியதே நான்தான். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். இப்போதும் இப்படி வகுப்புகள் நடக்கின்றன. சேர்ப்பதாக இருந்தால் ஒரு வகுப்பை இலவசமாகப் பார்க்கக் கேளுங்கள், மாதாமாதம் கட்டுங்கள், நிறுத்தினால் பணம் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று வகையாகவும் முடியாது என்று சொல்கிற இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

பாக்ஸ் விஷயம் வேறு மாதிரி. பொருள் தரமாகத்தான் இருந்தது. கடல் என்று ஒரு மாதம்: வெட்டி வைத்த ஃபோம் மீன், ஒட்டக் கண், செதிலுக்குப் பளபளப் பேப்பர். என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த அட்டையை நான் படிக்க வேண்டும், அவள் ஒட்ட வேண்டும். என் டீ ஆறுவதற்குள் மீன் முடிந்துவிடும். “அடுத்து என்னப்பா?” அந்த “அடுத்து என்ன” இருக்கிறதே, அதுதான் என்னை உடைத்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து இரவு வரை அதையே கேட்டால் எப்படி இருக்கும்? 20ஆம் தேதிக்குள் எல்லாக் கடைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய வாரத்தில், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அவள் வெளியே கதவைத் தட்டி, “அப்பா, அடுத்து?”

அந்த மீனை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் வேலைகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, செய்து முடித்தால் ஒரு பொருள் வரும், அதோடு வேலை தீர்ந்துபோகும். இன்னொன்றுக்கு முடிவே கிடையாது: தண்ணீர், மண், மாவு, சொப்பு வைத்துச் சமைப்பது, கடை வைப்பது. முதல் சாதியில் அந்த முடிவு நம்முடையது. மீன் மீன் மாதிரி இருக்க வேண்டும் என்பது நமக்கு. கண்ணை வாலில் ஒட்டினால் நமக்குத்தான் கை பரபரக்கிறது. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட நன்றாக இருப்பதும் அந்தச் சாதிதான், அதனால்தான் எங்கே பார்த்தாலும் அதுவே கண்ணில் படுகிறது. இரண்டாவது சாதி படத்தில் அழுக்காகத் தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் ஓடும். அதிலிருந்து எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது நான் போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்றுதான்: இதை எடுத்து வைத்து, பிறகு துடைத்து வைக்க எனக்கு ஆகும் நேரத்தைவிட, அவள் இதில் இருக்கப்போகும் நேரம் அதிகமா? இல்லையென்றால் அது அவளுக்கான விளையாட்டில்லை, எனக்கான வேலை.

ஈஎன்டி கதைக்கு வருகிறேன். கலந்த பருப்பைக் கிண்ணங்களில் பிரித்துப் போடச் சொல்லும் விளையாட்டு எல்லா வீடியோவிலும் வரும். கொண்டைக்கடலை, பச்சைப் பட்டாணி, ராஜ்மா கலந்து தட்டில் வைத்தேன். நன்றாகத்தான் பிரித்தாள். ஒரு கடைக்காரர் போன், பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு பக்கம் மட்டும் நீர் ஒழுகியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ உருண்டை. காய்ந்த கடலை ஈரம் பட்டால் ஊறும் என்பது சுண்டல் செய்கிற யாருக்கும் தெரியும். மூக்குக்குள் ஈரத்துக்கா பஞ்சம்? மனைவி வார்டில், போன் எடுக்கவில்லை. கொரோனா சமயத்தில் ஒரு கிளினிக்குக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் அந்தப் பயம் தனி. டாக்டர் முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, வளைந்த ஒரு சின்னக் கொக்கியைக் கடலைக்குப் பின்னால் விட்டு முன்னுக்கு இழுத்தார். எடுக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அதுவரை அவளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்ததில் என் சட்டை முழுக்க அவள் கண்ணீரும் சளியும்.

அன்று டாக்டர் சொன்னதையும் பிறகு மனைவி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். மூக்கில் எதையாவது போட்டுக்கொண்டால் பட்ஸ், ஊக்கு, இடுக்கி எதையும் விட்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். தண்ணீர் விடாதீர்கள். சிந்தத் தெரிந்த பிள்ளையானால் வாயால் மூச்சை இழுக்கச் சொல்லி, அடைபடாத பக்கத்து மூக்கை மூடிப் பிடித்துச் சிந்தச் சொல்லலாம். வராவிட்டால் டாக்டர்தான். உள்ளே போனது பட்டன் பேட்டரியாகவோ காந்தமாகவோ இருந்தால் வீட்டில் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பேட்டரி சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பிள்ளை சொல்லாமலே இருந்துவிட்டால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வருவது ஓர் அடையாளம். அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய். அதற்குள் நுழைகிற எதுவும் நான் பக்கத்தில் இல்லாமல் அவள் கைக்குப் போகாது. பிரித்து அடுக்கும் விளையாட்டுக்குப் பருப்புதான் வேண்டும் என்று யார் சொன்னது? துவைத்த சாக்ஸை ஜோடி சேர்ப்பது, கரண்டிகளை அளவுவாரியாக அடுக்குவது, கூடையில் வந்த வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பிரிப்பது, எல்லாம் அதே வேலைதான். வீட்டு வேலையும் நடக்கும்.

வீட்டு வேலை என்றதும் மாமியார். வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்தே நிலைமை புரிந்துவிட்டது அவருக்கு. “மாப்ள, எதுக்கு இத்தன வாங்கிப் போடறீங்க? ஒரு கட்டு முருங்கக்கீரையக் குடுத்து உக்கார வைங்க, ஆயட்டும்” என்றார். நம்பிக்கையில்லாமல்தான் கொடுத்தேன். நியூஸ்பேப்பரை விரித்து, நடுவில் கீரை, ஆளுக்கு ஒரு தட்டு. ஈர்க்கின் நுனியை இடக்கையில் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அடியை நோக்கி உருவினால் இலை மொத்தமும் கையோடு வரும். முதலில் ஈர்க்கோடு சேர்த்துப் பிய்த்தாள். இரண்டு நாளில் வந்துவிட்டது. முகத்தைச் சுளித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஈர்க்காக. பென்சில் பிடிக்க வேண்டிய அதே இரண்டு விரல்கள், கோடு மேல் கோடு இழுக்கும் ஒர்க்‌ஷீட் செய்ய வேண்டிய வேலை இங்கே கீரையில் நடந்தது. கீரைக்கு முடிவு உண்டு என்றாலும் அந்த முடிவு அவளுக்குப் புரிகிறது, மதியம் தட்டில் வந்துவிடும். கீரையே தொடாதவள், “நான் ஆஞ்சது” என்று ஒரு கவளம் தின்றாள். ஒரு கவளம்தான். கீரையை விரும்பிச் சாப்பிட ஆரம்பித்தாள் என்றெல்லாம் கதை விடமாட்டேன்.

அங்கிருந்து வரிசையாக வந்தது. பூண்டுப் பல்லை ஊறவைத்துக் கொடுத்தால் தோலை உரிப்பாள். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை எப்போதும் அவளுக்கு. காய் நறுக்கும்போது வெண்டைக்காய்க் காம்புப் பக்கத்தைத் தனியே எடுத்து வைப்பேன், போஸ்டர் கலரில் முக்கிக் காகிதத்தில் குத்தினால் பூப்பூவாக விழும். களிமண் மாதிரி விளையாடும் மாவை வீட்டிலேயே கிண்டலாம்: மைதா ஒரு கப், தூள் உப்பு அரைக் கப், தண்ணீர் ஒரு கப், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு. சின்னத் தீயில் வைத்துக் கிளறினால் திரண்டு வரும். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். உப்பு அதிகம் என்பதால் தின்ன விடக் கூடாது. இன்னொன்று, மஞ்சள்தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காய விடுங்கள். ஆப்பச் சோடா கலந்த தண்ணீரில் விரலை நனைத்து அதன்மேல் இழுத்தால் கோடு செக்கச்செவேல் என்று வரும், ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவதும் இதே சமாசாரம்தான். ஆனால் ஆரத்திக்குப் போடும் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது மொட்டை மாடிச் சுவர். பெயின்ட் கடையில் இரண்டு இஞ்ச் பிரஷ் ஒன்று, ஒரு பழைய டப்பா, தண்ணீர். சுவருக்குத் தண்ணீர் பெயின்ட். அடித்த இடம் கறுப்பாகத் தெரியும், அந்தப் பக்கம் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் இந்தப் பக்கம் காய்ந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டியதுதான். கோவை வெயிலுக்கு அந்த வேலை எங்கே முடியப் போகிறது! நான் நிழலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ரிட்டர்ன் போட்டுவிடுவேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: தண்ணீர் விளையாட்டில் டப்பா சின்னதாக இருக்கட்டும், பக்கெட் வேண்டாம். கொஞ்சமே தண்ணீர் இருக்கிற பக்கெட்டில் தலைகுப்புற விழுந்தாலே சின்னப் பிள்ளைக்கு உயிர் போகும். கைப்பிடிச் சுவர் ஏறக்கூடிய உயரத்தில் இருந்தால் மாடியே வேண்டாம். நான் கண் பார்வையில் இருந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன், தனியே விட்டுவிட்டுக் கீழே வந்தேன் என்று யாரும் படித்துவிட வேண்டாம்.

டைம்டேபிள் கதையையும் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்: ஒன்பது மணிக்கு ஓவியம், ஒன்பதரைக்கு எண்கள், பத்துக்குக் கதை. ஒரு வாரம் தாங்கவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்குப் பாடவாரியாக நேரம் பிரிப்பதில் அர்த்தமில்லை, வயிற்றையும் உடம்பையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். காலை இட்லி உள்ளே போனதும் கால் நிற்காது, அப்போது உட்கார வைத்தால் சண்டைதான். வெயில் ஏறுவதற்குள் ஓடவிட வேண்டும்: நொண்டி, கண்ணாமூச்சி, சாக்பீஸில் கட்டம் போட்டுப் பாண்டி. பதினோரு மணி வாக்கில்தான் கைக்கு வேலை: மாவு, தண்ணீர், கீரை. சாப்பாட்டுக்குப் பின் தூக்கமோ கதைப் புத்தகமோ. நாலு மணிதான் கண்டம். பசி, தூக்கக் கலக்கம், எனக்கும் அலுப்பு. அந்த நேரத்துக்குப் புதிதாக எதையும் திட்டமிடாதீர்கள், முதலில் எதையாவது தின்னக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று, நான்கு வயதுக்கு நாளில் மொத்தம் 3 மணி நேரமாவது உடல் அசைவு, அதில் 1 மணி நேரம் மூச்சு வாங்கும் ஓட்டம், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், திரை 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. மனைவி இதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பெரிய நிம்மதி. தூக்கம், ஓட்டம், குளியல், சாப்பாடு போக மிஞ்சுவது எவ்வளவு? நாளுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு விஷயம் எடுத்து வைத்தால் போதும். திரைக் கணக்கு 20ஆம் தேதி வாரத்தில் எகிறும். எகிறட்டும், அடுத்த வாரம் சரி செய்துகொண்டோம்.

இன்னொரு உத்தி. எதைக் கொடுத்தாலும் முதல் பத்து நிமிடம் போனைத் தள்ளி வைத்துவிட்டு அவளோடு தரையில் உட்கார்வேன், எனக்கென்று ஓர் உருண்டை மாவை எடுத்துக்கொண்டு. இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்வதில்லை, பக்கத்தில் என்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருப்பேன். அவள் அதில் மூழ்கியதும் மெல்ல எழுந்து மேஜைக்குப் போய்விடுவேன். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிறகு ஒரு மணி நேரம் காலைச் சுற்றுவாள்.

எண் விஷயம் எல்லாப் பெற்றோருக்கும் கவலை. என் மகள் இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பாள், ஆனால் ஆறு இட்லியைத் தொட்டு எண்ணச் சொன்னால் ஒன்பது என்பாள். வாய் ஒரு வேகம், விரல் ஒரு வேகம். ஒப்பிப்பதைக் கேட்டு எண்ணத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். ஊரடங்கு தளர்ந்து மாமியார் வந்தபோது பல்லாங்குழிப் பலகையைக் கொண்டுவந்தார். ஆட்டமெல்லாம் இல்லை, பதினாலு குழியிலும் குழிக்கு ஒரு சோழி போட்டுக்கொண்டே போ என்று மட்டும். ஒரு குழி, ஒரு சோழி, ஒரு எண். வாயும் விரலும் ஒன்றாக ஓட ஆரம்பித்தது அங்கேதான். அப்போது அவளுக்கு நாலு வயது, வாயில் போடும் பழக்கம் நின்றிருந்தது, ஆட்டம் முடிந்ததும் சோழிப் பை மேல் அலமாரிக்குப் போய்விடும். அவரேதான் மணலை நீளக் கரைபோலக் குவித்துக் குச்சியை ஒளித்துவைக்கும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் சொல்லிக் கொடுத்தார். முறை வரும்வரை பொறுத்திருப்பது என்பது ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவளுக்கு அதில்தான் பழகியது.

கடை விளையாட்டில் பழைய பில் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன், எனக்கே “ஜிஎஸ்டி சேத்து நூறு ரூபா” என்று பில் போட்டாள். ஆஸ்பத்திரி விளையாட்டு அவ்வளவு சிரிப்பாக இருக்கவில்லை. மரப்பாச்சியை அலமாரி ஓரத்தில் நிறுத்தி, நடுவில் தலையணையைத் தடுப்பாக வைத்து, “கிட்ட வராத, அம்மாவுக்கு டியூட்டி” என்றாள். இரண்டு நாள் அந்தத் தலையணையை எடுக்க விடவில்லை. மூன்றாம் நாள் தானே எடுத்துப் பொம்மையைக் குளிப்பாட்டினாள். “அம்மா எப்ப வரும்?” என்று என்னிடம் அவள் அதிகம் கேட்டதில்லை. நானோ, பிள்ளை சமாளித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். பாவனை விளையாட்டு நடக்கும்போது “இது என்ன கலர், எத்தன இருக்கு?” என்று நடுவில் புகுந்து பாடம் எடுக்காதீர்கள். பேசாமல் காது கொடுத்தால் போதும்.

தங்கைக்குக் கடைசியாக வாங்க வேண்டியதைச் சொன்னேன்: பெயின்ட் பிரஷ், கலர் சாக்பீஸ், ஒரு புனல், ஸ்பாஞ்ச், போஸ்டர் கலர், சந்தையில் கிடைக்கும் மரச் சொப்பு ஒரு செட். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாமல், பாதியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாற்றி எடுத்தால் பழசே புதுசாக இருக்கும். விதைகளை வைத்து விளையாடக் குன்றிமணி வேண்டாம், பார்க்க அழகு, மென்றால் விஷம். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் கலர் ஜெல்லி உருண்டைகளைப் பாக்கெட் பாக்கெட்டாகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், அதையும் வாங்காதே என்றேன். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அதே மாதிரி ஊதிக் குடலை அடைக்கும். ஒன்றை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்தாலும், பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.